ஸ்டென்ட் "ஒத்துக்கல"ன்னு சொல்றாங்களே, அது உண்மையில என்ன?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல நமக்கு ஒரு மருந்துக்கடை இருக்குது, இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல இருமல் டானிக்கும் தலவலி மாத்திரையும்தான் ஓடும். இப்ப வர்ற சீட்டுல பாதிக்கு ரத்தம் ஒறையாம இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின்னு மூணும் சேந்து இருக்குது, அத பாத்தாலே இவருக்கு அனேகமா இதயக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்ங்குற சின்ன கம்பி வலைக்குழாய் வெச்சிருக்குன்னு புரிஞ்சிடும்.

போன ஆடி மாசம் முதுநகர்ல இருந்து ஒரு அண்ணன் வந்தார், வலை பின்னுற வேலை, பாண்டிச்சேரில ஸ்டென்ட் வெச்சு எட்டு நாள் ஆவுது. சட்டைய தூக்கி காட்டுறார், முதுகு வயிறு எல்லாம் செக்கச்செவேல்னு தடிப்பு. "தம்பி, உள்ள வெச்ச கம்பி ஒத்துக்கலையாம்பா, தெருவுல எல்லாரும் அதான் சொல்றாங்க, நேத்துல இருந்து மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டேன், அரிப்புக்கு மட்டும் ஏதாவது குடு" ன்னார். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சி. தடிப்ப பாத்து இல்ல, மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னார் பாருங்க, அத கேட்டு.

"ஸ்டென்ட் அலர்ஜி"ங்குற வார்த்தைய நம்ம ஆளுங்க அஞ்சாறு வேற வேற விஷயத்துக்கு ஒரே மூச்சுல சொல்றாங்க. கம்பி ஒத்துக்கல, ஆஞ்சியோ எடுக்கறப்ப ரத்தக்குழாய் படத்துல தெரிய ஏத்துற டை ஒத்துக்கல, மாத்திரை ஒத்துக்கல, இருமல் வந்தா அதுவும் ஸ்டென்ட்டாலதான், எல்லாம் ஒரே மூட்டையில. அதுல சிலது சும்மா அரிப்பு, சிலது உயிர் போற விஷயம், எது எதுன்னு தெரியாம போறதுதான் பிரச்சினை. நான் டாக்டர் இல்ல, மருந்து படிச்சவன். அந்த அளவுக்கு எனக்கு தெரிஞ்சத மெதுவா, அடியில இருந்து சொல்றேன்.

மழைக்கு பத்தாம் நம்பர் கூண்டு

கடலூர்காரங்களுக்கு அலர்ஜிய சொல்லி புரியவெக்கிறது ரொம்ப ஈஸி. நம்ம துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்க இல்ல, ஒண்ணாம் நம்பர்னா எங்கயோ தூரத்துல இருக்குது, பத்தாம் நம்பர்னா வந்துடுச்சி ஓடுன்னு அர்த்தம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்தப்போ அந்த கூண்டுக்கு அர்த்தம் இருந்துச்சி. ஆனா சாதாரண ஆவணி தூறலுக்கு ஒருத்தன் போய் பத்தாம் நம்பர் கூண்ட ஏத்திட்டான்னு வைங்க, என்ன ஆவும்? படகெல்லாம் கரைக்கு இழுப்பாங்க, கடை சாத்துவாங்க, கரண்ட நிறுத்துவாங்க, ஊரே அல்லோலகல்லோலப்படும். சேதம் பூரா மழையால வந்தது இல்ல, கூண்டால வந்தது.

அலர்ஜின்னா அதான். இறால்லயோ, ஒரு மாத்திரையிலயோ, தேனீ விஷத்துலயோ உள்ள ஒரு சாதாரண பொருள நம்ம உடம்போட காவல் படை பெரிய எதிரின்னு தப்பா நெனச்சி கூண்ட ஏத்திடும். இந்த காவல் படைக்குத்தான் நோய் எதிர்ப்பு சக்தின்னு பேரு. கூண்டு ஏத்துற ஆள் யாருன்னா மாஸ்ட் செல்னு ஒரு செல்லு. 1878ல பால் எர்லிக்ங்குற ஜெர்மன்காரர் இதுக்கு பேரு வெச்சார், உள்ள உருண்டை உருண்டையா நெறய இருந்ததால நல்லா தின்னு கொழுத்த செல்லுன்னு நெனச்சி தீனிங்குற அர்த்தம் வர்ற மாதிரி வெச்சிட்டார். அது தீனி இல்ல, வெடிமருந்து. அந்த உருண்டைக்குள்ளதான் ஹிஸ்டமின் மாதிரி ரசாயனம் எல்லாம் அடைச்சி வெச்சிருக்குது. ஹிஸ்டமின்ங்கறது அரிப்பு, தடிப்பு, வீக்கம், மூக்கு ஒழுகுறது எல்லாத்தையும் கெளப்பி உடுற ரசாயனம். செட்ரிசின் மாத்திரை போடுறோமே, அது இந்த ஹிஸ்டமின போய் ஒக்காற உடாம தடுக்குறதுதான்.

மாஸ்ட் செல் தோல்ல இருக்குது, மூக்குல இருக்குது, குடல்ல இருக்குது, இது பல பேருக்கு தெரியும். இதயத்துலயும் இருக்குது, இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய் சுவர்லயும் இருக்குதுங்கறது நெறய பேருக்கு தெரியாது. கொழுப்பு படிஞ்ச எடத்துல இன்னும் கூட்டமா இருக்கும். இத மனசுல வெச்சிக்குங்க, பின்னாடி வேணும்.

பண்ருட்டி முந்திரி சொல்ற ரெண்டு கதை

அலர்ஜில ரெண்டு ரகம் இருக்குது, ரெண்டையும் நம்ம பண்ருட்டி முந்திரியே காட்டிடும்.

முந்திரிக்கொட்டை ஒடைக்கிற அக்காங்க கைய பாத்திருக்கீங்களா? கொட்டைத்தோல்ல இருக்குற எண்ணெய் பட்டு கறுத்து தோலுரிஞ்சி இருக்கும், அதனாலதான் கையில சாம்பலோ எண்ணெயோ தடவிக்குவாங்க. அந்த எண்ணெய் நேரடியாவே தோல பொசுக்கும், அது தனி. சில பேருக்கு அது போக அலர்ஜியும் வரும், பட்ட அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சி கொப்புளமும் அரிப்புமா கெளம்பும். இது மெதுவா வர்ற ரகம். கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாவுது, ஜீன்ஸ் பட்டன் படுற எடத்துல தொப்புள் பக்கம் சொரசொரன்னு வருது, அதெல்லாம் இந்த ரகம்தான், அங்க குத்தவாளி பெரும்பாலும் நிக்கல்.

இன்னொரு ரகம், முந்திரிப் பருப்ப வாயில போட்ட சில நிமிஷத்துல ஒதடு வீங்குறது, தொண்டை அடைக்கிறது. இது ஒடனே வர்ற ரகம். இதுலதான் மாஸ்ட் செல் பட்டாசு மாதிரி வெடிக்குது. அது ஒடம்பு பூரா ஒரே நேரத்துல வெடிச்சி மூச்சு திணறி பிரஷர் எறங்குச்சின்னா அதுக்கு அனாஃபிலாக்ஸிஸ்னு பேரு, அது நிமிஷக் கணக்கு எமர்ஜென்சி.

ஆக மெதுவா வர்றது நாள் கணக்கு, தோலோட நிக்கிறது அதிகம். ஒடனே வர்றது நிமிஷக் கணக்கு, ஒடம்பு பூரா போகும். ஸ்டென்ட் விஷயத்துல ரெண்டும் வரும், ஆனா வேற வேற வாசல் வழியா.

ஸ்டென்ட்னா போர்வெல் கேசிங்

இதயத்துக்கு ரத்தம் தர்ற குழாய்க்கு கரோனரி தமனின்னு பேரு, அதுல கொழுப்பு அடைச்சா பலூன் உட்டு விரிச்சி, மறுபடி சுருங்கிடாம இருக்க ஒரு சல்லடை குழாய வெச்சிடுவாங்க, அதான் ஸ்டென்ட். நம்ம ஊர் போர்ல மண்ணு சரியாம இருக்க ஓட்டை போட்ட கேசிங் பைப் எறக்குறோம் இல்ல, அச்சு அசல் அந்த வேலைதான். அகலம் ரெண்டரை, மூணு மில்லிமீட்டர் இருக்கும், இப்ப வர்றதுல கம்பியோட தடிமன் ஏறக்குறைய நம்ம தலமுடி அளவுதான். பலூன் வைத்தியம் 1977ல ஜூரிச்ல ஆரம்பிச்சது, மனுஷ இதயத்துல முதல் ஸ்டென்ட் 1986ல பிரான்ஸ்லயும் சுவிட்சர்லாந்துலயும் வெச்சாங்க.

வெச்ச ஒடனே வேலை முடியல. குழாயோட உள்பக்க தோல் மெல்ல வளந்து அந்த கம்பிய மூடணும், சுவத்துல கம்பி கட்டி மேல பூச்சு பூசுற மாதிரி. தேவனாம்பட்டினம் பக்கம் கடலோர வீட்டுல பூச்சு உழுந்து கம்பி வெளிய தெரிஞ்சா என்ன கதியாவும்னு தெரியுமில்ல, உப்பு அடிச்சி நாசம். ஸ்டென்ட் அந்த மாதிரி துருப்பிடிக்காது, அத நெனச்சி பயந்துடாதீங்க, ஆனா மூடாத கம்பி மேல ரத்தம் ஒறைய பாக்கும். ரத்தம் ஒறைய மொதல்ல ஓடி வர்ற துணுக்கு செல்லுக்கு பிளேட்லெட்னு பேரு. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் இந்த பிளேட்லெட்ட ஒண்ணோட ஒண்ணு ஒட்ட உடாம வெக்கிற மாத்திரைங்க. பூச்சு காயற வரைக்கும் தார்ப்பாய் போட்டு வெக்கிற மாதிரின்னு வெச்சிக்குங்களேன்.

பழைய வெறும் கம்பி ஸ்டென்ட்ல பூச்சு அளவுக்கு மீறி வளந்து நூத்துக்கு இருபது முப்பது பேருக்கு மறுபடி அடைப்பு வந்துச்சி. இதுக்கு ரீஸ்டெனோசிஸ்னு பேரு, அதாவது திரும்ப சுருங்கிப் போறது. அதனால மருந்து தடவுன ஸ்டென்ட் வந்துச்சி. பெரும்பாலும் மருந்த கம்பியில நேரா ஒட்டாம, பாலிமர்னு ஒரு பிளாஸ்டிக் மாதிரி பூச்சுல கலந்து ஒட்டுவாங்க, அதுல இருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசியும். 2017 பிப்ரவரில சர்க்கார் இதுக்கு 29,600 ரூபான்னு உச்ச வெல கட்டுனப்போ கடைக்கு வர்றவங்க அத பத்தியேதான் பேசுனாங்க, அதுக்கு முன்னாடி லட்சக்கணக்குல போயிட்டிருந்துச்சி.

அப்ப ஸ்டென்ட்னு ஒண்ணா சொல்றோமே தவிர உள்ள மூணு பொருள் இருக்குது: உலோகம், பாலிமர், மருந்து. கூடவே வெளிய ரெண்டு, வெக்கறப்ப போட்ட டை, வெச்ச பிறகு போடுற மாத்திரை. "ஒத்துக்கல"ன்னா இந்த அஞ்சுல எதுன்னு கேக்கணும்.

நிக்கல் பயம் எவ்வளவு நெசம்

ஸ்டென்ட்டுக்கு போடுற பழைய ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல நூத்துக்கு 10ல இருந்து 14 பங்கு நிக்கல், 16ல இருந்து 18 பங்கு குரோமியம், 2, 3 பங்கு மாலிப்டினம் இருக்குது. இப்ப வர்ற கோபால்ட் குரோமியம் ரகத்துலயும் நிக்கல் உண்டு. அதனால கவரிங் ஒத்துக்காதவங்களுக்கு சந்தேகம் வர்றது நியாயம்தான்.

2000ல லான்செட்ங்குற மருத்துவ பத்திரிகையில ஜெர்மனி டாக்டருங்க ஒரு கணக்கு போட்டாங்க. ஸ்டென்ட் வெச்ச 131 பேருக்கு பேட்ச் டெஸ்ட் எடுத்தாங்க, அதாவது முதுகுல சின்ன சின்ன வில்லையில உலோகத்த ஒட்டி ரெண்டு மூணு நாள் கழிச்சி தோல் செவக்குதான்னு பாக்குறது. பத்து பேருக்கு செவந்துச்சி, அந்த பத்து பேருக்குமே ஸ்டென்ட்டுக்குள்ள மறுபடி அடைப்பு இருந்துச்சி. கேட்டா பக்குனு இருக்கும். ஆனா பத்து பேர வெச்சி ஊருக்கே சட்டம் போட முடியாது இல்ல? அதுவும் வெறும் கம்பி ஸ்டென்ட் காலம். 2012ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆளுங்க உலோக அலர்ஜி இருந்தும் ஸ்டென்ட் வெச்சிக்கிட்டவங்கள மத்தவங்களோட ஒப்பிட்டு பாத்து, கூடுதல் ஆபத்து ஒண்ணும் தெரியலன்னு சொன்னாங்க.

என் கணிப்பு என்னன்னா, தோல்ல வர்ற நிக்கல் அலர்ஜி வேற, ரத்தக்குழாய்க்குள்ள நடக்குறது வேற. ஸ்டென்ட்ல இருக்குற உலோகமே ஒரு கிராம்ல சின்ன துணுக்கு, அதையும் தோல் வளந்து மூடிடுது. கம்மல் ஒத்துக்காதுங்குறத டாக்டர் கிட்ட சொல்லுங்க, கண்டிப்பா சொல்லுங்க, ஆனா அதுக்காக ஹார்ட் அட்டாக் வந்து படுத்திருக்கறப்ப "எனக்கு நிக்கல் ஆவாது, ஸ்டென்ட் வேணாம்"னு அடம் புடிக்காதீங்க. ஒரு அம்மா நெசமாவே அப்படி சொல்லி, அவங்க மவன் என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு போன்ல கெஞ்சினதெல்லாம் பாத்திருக்கேன்.

பாலிமர் கதை கொஞ்சம் சீரியஸ். அமெரிக்காவுல மொதல்ல வந்த மருந்து ஸ்டென்ட் சைஃபர், 2003ல. அதே வருஷம் அந்த ஊர் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு, ரத்தக்கட்டு வருது, அலர்ஜி மாதிரி தொந்தரவு வருது, கவனிங்கன்னு எச்சரிக்கை உட்டாங்க. 2004ல ஒரு பிரேதப் பரிசோதனை விவரம் வெளிவந்துச்சி: 58 வயசு ஆளு, ரெண்டு ஸ்டென்ட், வெச்சி 18 மாசம் கழிச்சி ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் ஒறைஞ்சி எறந்துட்டார். கம்பிய சுத்தி அலர்ஜி செல்லுங்க மொய்ச்சிக்கிட்டு இருந்துச்சி. மருந்து கம்பிய சுத்துன சதையில ரெண்டு மாசத்துக்கு மேல தங்காது, அப்ப 18 மாசம் கழிச்சி மிச்சம் இருந்தது என்ன? பாலிமர்தான். அதனால சந்தேகம் அது மேல விழுந்துச்சி. அதுக்கு அப்புறம் வந்த ஸ்டென்ட்ல பாலிமர் ஒடம்புக்கு எணங்குற மாதிரி மாறுச்சி, சிலதுல கொஞ்ச மாசத்துல தானே கரைஞ்சிடும், சிலதுல பாலிமரே இல்ல. இப்ப ஸ்டென்ட் வெச்சி மொத வருஷத்துல அதுக்குள்ள ரத்தம் ஒறையறது நூத்துக்கு ஒருத்தர் அளவுதான், அதுக்கும் கொறைச்சல்னே சொல்லலாம், அதுலயும் அலர்ஜியால வர்றது சின்ன பங்கு.

இதுவரைக்கும் பாத்ததுல, உலோகத்துக்கு பயம் பெருசு ஆபத்து சிறுசு, பாலிமருக்கு பயமே கெடையாது ஆனா பழைய ரகத்துல கொஞ்சம் விவகாரம் இருந்துச்சி.

தோல் விரியும், இதயக்குழாய் சுருங்கும்

இனிமேதான் முக்கியமான எடம். நெசமான ஆபத்து ஸ்டென்ட்டுக்கு அலர்ஜி வர்றதுல இல்லங்க. ஸ்டென்ட் இருக்குற ஒடம்புல வேற எதுக்கோ அலர்ஜி வர்றதுல இருக்குது.

மொதல்ல ஹிஸ்டமின் என்ன பண்ணும்னு கண்ணால பாக்கணும்னா நம்ம மீன் மார்க்கெட்டுக்கு வாங்க. சூரை மீனு, கானாங்கெளுத்தி இதெல்லாம் ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்துச்சின்னா அதுல கிருமி வளந்து மீன் சதையில இருக்குற ஒரு சத்த ஹிஸ்டமினா மாத்திடும். அப்புறம் நீங்க எவ்வளவு கொதிக்க வெச்சாலும், பொரிச்சாலும், அந்த ஹிஸ்டமின் போவாது. சாப்ட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து காந்தும், தலை விண்ணு விண்ணுனு தெறிக்கும், படபடன்னு அடிக்கும், வாந்தி பேதி வரும். "எனக்கு சூரை அலர்ஜி"ன்னு சொல்லிட்டு வருவாங்க, அலர்ஜியே இல்ல அது, அடுத்த வாரம் பொழுது விடிய எறங்குன புது சூரை சாப்ட்டா ஒண்ணும் ஆவாது. மாஸ்ட் செல் வெடிக்காமலே வெளியில இருந்து ஹிஸ்டமின தட்டுல வெச்சி சாப்ட்டது மாதிரி. இப்படி கெட்டுப்போன மீன் சாப்ட்டு நெஞ்சு வலி வந்து இசிஜி மாறுனவங்க பத்தி மருத்துவ பத்திரிகையில வந்திருக்குது.

ஏன் நெஞ்சு வலி? ஹிஸ்டமின் தோல்ல ரத்தக்குழாய விரிய வெக்கும், அதனாலதான் செவப்பும் வீக்கமும். ஆனா கரோனரி தமனில, அதுவும் உள்பக்க தோல் பழுதான எடத்துல, அது குழாய இறுக்கி சுருட்டிடும். ஒரே ரசாயனம், ரெண்டு எடத்துல நேர் எதிர் வேலை. அதோட நிக்கல, மாஸ்ட் செல் உடுற மத்த ரசாயனம் சிலது கொழுப்பு கட்டியோட மூடிய அரிக்கும், சிலது பிளேட்லெட்ட தட்டி எழுப்பி ஒட்ட வெக்கும். சுருங்குன குழாய், கிழிஞ்ச கொழுப்பு, ஒட்டுற பிளேட்லெட், மூணும் சேந்தா ஹார்ட் அட்டாக்குக்கு வேற என்ன வேணும்?

கிரேக்க நாட்டு டாக்டர் நிக்கோலஸ் கூனிஸும் அவர் கூட்டாளி சவ்ராஸும் 1991ல இத தெளிவா எழுதுனாங்க, அலர்ஜியால வர்ற நெஞ்சு வலின்னு. அதனால இதுக்கு கூனிஸ் சிண்ட்ரோம்னு பேரு, அலர்ஜி தாக்கும்போதே கரோனரி குழாய்ல சுருக்கமோ அடைப்போ வர்ற நெலமை. இதுல மூணு வகை சொல்றாங்க. குழாய் சுத்தமா இருக்குற ஆளுக்கு வெறும் சுருக்கம் மட்டும் வந்து போறது ஒண்ணு. ஏற்கனவே கொழுப்பு இருந்து அது கிழிஞ்சி அடைக்கிறது ரெண்டு. மூணாவது, ஸ்டென்ட் இருக்குறவங்களுக்கு அந்த ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் ஒறையறதோ சதை வளந்து அடைக்கிறதோ. "ஸ்டென்ட் அலர்ஜி"ன்னு பேர் சொல்லி பயப்படணும்னா இந்த மூணாவதுக்குத்தான் பயப்படணும்.

இத கெளப்பி உடுறது என்னவா வேணா இருக்கலாம். முந்திரித் தோப்புல கதண்டுங்குற பெரிய குளவி கொட்டுறது, வலிக்கு போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, ஆன்டிபயாடிக், ஆஞ்சியோ டை, சாப்பாடு. நம்ம ஊர்ல கதண்டு கொட்டி ஆள் எறந்துட்டார்னா விஷம் ஏறிடுச்சின்னு முடிச்சிடுவாங்க, விஷமும் உண்டு, மூச்சு அடைச்சும் போவும், ஆனா சில பேருக்கு இதயக்குழாய் சுருங்குனதும் அதுல ஒரு கை இருக்கும், யாரும் இசிஜி எடுத்து பாக்குறது இல்ல. இன்னொண்ணு, நெஞ்சு வலிக்குது வாந்தி வருதுன்னா "வாயு புடிச்சிருக்கு, சோடா குடி"ன்னு ஒரு வைத்தியம் வெச்சிருக்கோமே, அது எத்தன பேர கொன்னுச்சோ.

இத சுருக்கமா வெச்சிக்கிட்டா, அலர்ஜி தோலோட முடியற விஷயம் இல்ல, அதே ரசாயனம் அதே நேரத்துல நெஞ்சுலயும் வேலை செய்யுது, ஸ்டென்ட் இருந்தா அதுக்கு பிளேட்லெட் ஒட்ட ஒரு எடம் தயாரா இருக்குது.

டை, மாத்திரை, அப்புறம் ஒத்துக்காததே இல்லாத சிலது

டை பத்தி ஒரு பெரிய புரளி. "இறால் நண்டு ஆவாதவங்களுக்கு ஆஞ்சியோ டை ஆவாது, ரெண்டுலயும் அயோடின் இருக்குது"ன்னு சொல்றது. கடலோரத்துல இருக்குற நமக்கு இது ரொம்ப பரவியிருக்குது. இறால் அலர்ஜிக்கு காரணம் ட்ரோபோமயோசின்னு அதோட சதையில இருக்குற ஒரு புரதம், அயோடின் இல்ல. அயோடின் ஆவாதுன்னா நீங்க தெனம் உப்பு போட்ட சோறே சாப்ட முடியாதே. டைக்கு அலர்ஜி வர்றது தனி விவகாரம், முன்னாடி ஒரு தடவ டை போட்டு தடிப்பு வந்துச்சா இல்லையாங்குறதுதான் அங்க பெரிய கேள்வி. டையால தடிப்பு சில நிமிஷத்துலயும் வரும், ஒரு மணி நேரத்துல இருந்து ஒரு வாரம் வரைக்கும் லேட்டாவும் வரும், அதையும் ஸ்டென்ட் கணக்குல எழுதிடுவாங்க.

மாத்திரைல க்ளோபிடோக்ரெல் சில பேருக்கு தடிப்பு குடுக்கும், அனேகமா மொத ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள, ஒடம்பு பூரா. நம்ம முதுநகர் அண்ணனுக்கு வந்தது கிட்டத்தட்ட அந்த கணக்கு. இதுக்கு வழி இருக்குது, பெரும்பாலும் மாத்திரைய நிறுத்தாமலே அரிப்பு மருந்தும் கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் குடுத்து டாக்டருங்க சமாளிச்சிடுவாங்க, முடியலன்னா டிக்காக்ரெலோர், பிரசுக்ரெல்னு வேற மாத்திரைக்கு மாத்துவாங்க. எது செஞ்சாலும் ஒரு நாள் கூட இடைவெளி உடாம செய்வாங்க. தானா நிறுத்துனா தார்ப்பாய எடுத்துட்டு மழைக்கு காத்திருக்குற மாதிரி, மொத மாசத்துல அது ரொம்ப ரொம்ப ஆபத்து. ஆஸ்பிரின் ஆவாதவங்களுக்கும் ஆஸ்பத்திரியில வெச்சி துளித்துளியா குடுத்து பழக்குற வழி உண்டு.

அப்புறம் பிரஷருக்கும் இதயத்துக்கும் ராமிப்ரில் மாத்திரை போடுறவங்களுக்கு வர்ற வறட்டு இருமல். அலர்ஜி இல்ல, அந்த மாத்திரையோட கொணம், மாத்திரைய மாத்துனா போயிடும். டிக்காக்ரெலோர் போட்டா சில பேருக்கு மூச்சு வாங்குற மாதிரி இருக்கும், அதுவும் அலர்ஜி இல்ல. ரெண்டுக்கும் எங்க தெருவுல டயாக்னோசிஸ் ஒண்ணுதான், கம்பி ஒத்துக்கல.

எப்ப ஓடணும்

தோல்ல மட்டும் தடிப்பு அரிப்பு, வேற ஒண்ணும் இல்லன்னா அன்னிக்கே ஸ்டென்ட் வெச்ச டாக்டருக்கு போன் பண்ணுங்க, மாத்திரைய தொடாதீங்க. தடிப்போட சேந்து நெஞ்சு இறுக்கம், மூச்சு திணறல், தல சுத்தல், குளுந்த வேர்வை, இதுல ஒண்ணு இருந்தா 108தான், செட்ரிசின் போட்டுட்டு படுத்து பாக்குற வேலையே கூடாது. பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ கடலூர் ஜிஎச்சோ, கிட்ட இருக்குறதுக்கு போங்க. அங்க இசிஜியும், இதய தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற ட்ரோபோனினும் பாப்பாங்க. மாஸ்ட் செல் வெடிச்சா ஏறுற ட்ரிப்டேஸ்னு ஒண்ணு இருக்குது, அத மொத சில மணி நேரத்துல எடுத்தாத்தான் கணக்கு, அதனால "இன்னது சாப்ட்டேன், இன்னது கொட்டுச்சி, இத்தன மணிக்கு"ன்னு போன ஒடனே சொல்லிடுங்க.

இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, ஒரே ஆளுக்கு அலர்ஜியும் ஹார்ட் அட்டாக்கும் ஒண்ணா வந்தா வைத்தியம் ஒண்ண ஒண்ணு இழுக்கும். அனாஃபிலாக்ஸிஸ்ல உயிர காப்பாத்துறது தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான், ஆனா அதுவே இதயத்த வெரட்டி குழாய இன்னும் சுருக்கவும் கூடும். மாரடைப்பு வலிக்கு கை பழக்கத்துல போடுற மார்ஃபின் மாஸ்ட் செல்ல இன்னும் வெடிக்க வெக்கலாம். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்டுறவங்களுக்கு அட்ரினலின் சரியா வேலை செய்யாம போலாம். இதையெல்லாம் தூக்கி நிறுத்தி பாத்து முடிவெடுக்குறது டாக்டர் வேலை, ஆனா என்னென்ன மாத்திரை சாப்டுறீங்கன்னு அவருக்கு தெரிஞ்சாத்தானே.

அன்னிக்கு அந்த அண்ணனுக்கு நான் அரிப்பு மாத்திரை குடுக்கல. அவர் கையில இருந்த டிஸ்சார்ஜ் காகிதத்துல நம்பர் பாத்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு குடுத்தேன், அந்த டாக்டர் போன்லயே சத்தம் போட்டது எனக்கே கேட்டுச்சி. சாயங்காலம் மவன் வண்டியில பாண்டிக்கு போயிட்டு ரெண்டு நாள் கழிச்சி வந்தார், மாத்திரைய மாத்தியிருந்தாங்க, தடிப்பு மங்கிப் போச்சி. வந்தவர் ரொம்ப நேரம் தயங்கிட்டு கேட்டார்:

"அப்ப கம்பிய எடுக்க வேணாமா தம்பி?"

எடுக்க முடியாதுண்ணே, அது குழாய் சுவத்தோட ஒண்ணாயிடும், திருகாணி இல்ல கழட்டி மாட்டன்னு சொன்னேன். சிரிச்சார். ஸ்டென்ட் வெச்சப்ப குடுத்த சின்ன அட்டைய பர்ஸ்ல இருந்து எடுத்து காட்டுனார், ஏற்கனவே ஓரம் நஞ்சி போயிருந்துச்சி. அதோட பின்பக்கம் பெருசா "க்ளோபிடோக்ரெல் – தடிப்பு வந்தது"ன்னு தேதி போட்டு எழுதி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில இருபது ரூபாய்க்கு லேமினேஷன் போட்டு அனுப்புனேன்.